வெளியுறவில் 'கறார்' வேட்பாளர்: கணிப்பு எண்களை எப்படிப் படிப்பது?

திசைமானி:
அமெரிக்க அதிபர் தேர்தல் வந்தால் ஏறக்குறைய எல்லாக் கருத்துக்கணிப்பிலும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது: சீனா, ரஷ்யா, ஈரான் விஷயத்தில் யார் உறுதியாக நிற்பார்? இதில் ஒருவர் பத்துப் புள்ளி முன்னால் இருப்பார். அதே கணிப்பில் 'இன்று தேர்தல் நடந்தால் யாருக்கு ஓட்டு' என்று கேட்டால் இருவரும் சரிக்குச் சரி. அந்தப் பத்துப் புள்ளி எங்கே போகிறது? இன்னொன்று: பிழை வரம்பு ±3 என்று போட்டுவிட்டு ஒருவருக்கு 48, மற்றவருக்கு 44 என்கிறார்கள். 4 என்பது 3ஐ விடப் பெரிது, ஆகவே முன்னிலை உறுதி என்று எடுத்துக்கொள்ளலாமா? 2016, 2020 இரண்டிலும் கணிப்புகள் சறுக்கியதால் கேட்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
பின்னதற்கு முதலில் பதில்: எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த ±3 ஒவ்வொரு வேட்பாளரின் சதவீதத்துக்கும் தனித்தனியாக உரியது. ஒருவருக்குக் குறைவது பெரும்பாலும் எதிராளியின் கணக்கில்தான் ஏறும், அதனால் இடைவெளியின் பிழை ஏறக்குறைய இரண்டு மடங்கு. 1,000 பேரிடம் கேட்டு 48-44 வந்தால் அந்த 4 புள்ளிக்கு வரம்பு ±6. பிழையைப் பாதியாக்க ஆள் எண்ணிக்கையை நான்கு மடங்காக்க வேண்டும். யாரும் அவ்வளவு செலவழிப்பதில்லை. உள்ளே 'ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) வாக்காளர்களில் இவர் 9 புள்ளி முன்னிலை' என்று ஒரு வரி வரும். அங்கே இருப்பது 150 பேர் என்றால் ஒவ்வொரு சதவீதத்துக்கும் ±8. அந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடுங்கள்.

இதுவும் மாதிரிப் பிழை மட்டும்தான், அதாவது எல்லோரையும் கேட்காமல் சிலரை மட்டும் கேட்பதால் வரும் பிழை. பெரிய சிக்கல் வேறு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், சரி. இங்கே பானையில் பெரும்பாலான சோறு கரண்டியில் ஏறவே மறுக்கிறது. பியூ ஆய்வு மையத்தின் தொலைபேசிக் கணிப்புகளில் 1997இல் 36% பேர் பதில் சொன்னார்கள், 2018இல் 6%. வந்த ஆறு பேரை வைத்து வராத 94 பேரை ஊகிக்க 'வெயிட்டிங்' செய்கிறார்கள்: இளைஞர்கள் குறைவாக வந்தால் ஒவ்வொரு இளைஞரையும் ஒன்றரை ஆளாகவோ இரண்டு ஆளாகவோ எண்ணுவது.

இதில் கணிப்பாளரின் கை எவ்வளவு விளையாடும்? 2016 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ், புளோரிடாவில் 867 பேரிடம் வாங்கிய பதில்களை அப்படியே நான்கு வெளிக் கணிப்பாளர்களிடம் கொடுத்துப் பார்த்தது. கிளின்டன் 4 புள்ளி முன்னிலை என்பதிலிருந்து டிரம்ப் 1 புள்ளி முன்னிலை என்பது வரை முடிவுகள் வந்தன. ஆட்களும் பதில்களும் ஒன்றேதான். எடை போட்ட விதமும், யார் ஓட்டுச்சாவடிக்கு வருவார் என்ற அனுமானமும்தான் வேறு.

2016இல் தேசிய எண் அவ்வளவு மோசமில்லை. கிளின்டனுக்குச் சராசரியாக 3 புள்ளி என்றார்கள், 2.1 வந்தது. கவிழ்ந்தது மாநிலங்களில். விஸ்கான்சினில் சராசரி அவருக்கு 6 புள்ளிக்கு மேல் காட்டியது. டிரம்ப் 1 புள்ளிக்கும் குறைவில் தட்டிச் சென்றார். கல்லூரி முடித்தவர்கள் கணிப்புக்கு அதிகம் பதில் சொல்வார்கள், பல மாநிலக் கணிப்புகள் கல்விக்கு எடை போடவே இல்லை. 2020இல் பலரும் அதைச் செய்தார்கள். ஆனாலும் தேசிய இடைவெளியில் சராசரிப் பிழை 4.5 புள்ளி, 40 ஆண்டுகளில் அதிகபட்சம். ஒரே வயது, ஒரே படிப்பு உள்ளவர்களிலும் போனை எடுப்பவரும் எடுக்காதவரும் வேறு மாதிரி ஓட்டுப் போட்டால், எந்த எடையாலும் அதைச் சரிக்கட்ட முடியாது.

மேற்குவாசல்:
கறார் கேள்விக்கு வருகிறேன். வெளியுறவில் மக்களிடம் முன்கூட்டியே முடிவான கருத்து இருப்பது குறைவு. கேள்வியின் சொற்கள்தான் பாதிப் பதிலை எழுதுகின்றன. 2003 ஜனவரியில் பியூ, சதாம் உசேன் ஆட்சியை முடிக்க ராணுவ நடவடிக்கை சரியா என்று கேட்டபோது 68% ஆதரவு. 'ஆயிரக்கணக்கில் அமெரிக்க வீரர்கள் பலியாகவோ காயமடையவோ நேர்ந்தாலும்' என்று சேர்த்துக் கேட்டதும் 43%. ஆக, 'உறுதியாக நிற்பார்' என்ற எண்ணில் விலைச்சீட்டு இல்லை.

இதைவிட மோசமான உதாரணமும் உண்டு. 2015 டிசம்பரில் பப்ளிக் பாலிசி போலிங் நிறுவனம் 'அக்ரபா மீது குண்டு வீசலாமா' என்று கேட்டது. குடியரசுக் கட்சி பிரைமரி (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்) வாக்காளர்களில் 30% வீசலாம் என்றார்கள். அக்ரபா, அலாதீன் கார்ட்டூனில் வரும் ஊர். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் சிரிக்க வேண்டாம்: அவர்களில் 36% பேர் இல்லாத ஊரைக் காப்பாற்ற எதிர்த்து நின்றார்கள்.

அடுத்தது, ஓட்டை முடிவுசெய்வதில் இதற்கு எவ்வளவு பங்கு என்பது. 1991இல் வளைகுடாப் போர் முடிந்த கையோடு அதிபராக இருந்த தந்தை புஷ்ஷுக்கு காலப் நிறுவனக் கணிப்பில் 89% ஆதரவு. 1992இல் வாங்கிய ஓட்டு 37.4%. போரில் வென்றவர் என்பதை யாரும் மறுக்கவில்லை, அந்த ஆண்டு மனம் பொருளாதாரத்தில் இருந்தது. 'யார் உறுதி' என்பதோடு 'உங்களுக்கு முக்கியப் பிரச்சினை எது' என்ற கேள்வியையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 2004 எக்ஸிட் போலில் (ஓட்டுப் போட்டு வருபவர்களிடம் எடுக்கும் கணிப்பு) பயங்கரவாதமே முக்கியம் என்றவர்கள் 19%. அவர்களில் 86% மகன் புஷ் பக்கம். இராக்தான் முக்கியம் என்றவர்கள் 15%. அவர்களில் நான்கில் மூன்று பேர் அளவுக்கு எதிர்த்துப் போட்டியிட்ட கெர்ரி பக்கம். இரண்டையும் 'தேசப் பாதுகாப்பு' என்று ஒரே தலைப்பில் கட்டிக் கேட்டிருந்தால் ஒன்றுமே தெரிந்திருக்காது.

தென்கரை:
மேற்குவாசல் சொன்னதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். கறார் பிம்பம் ஓட்டைச் சேர்க்காமல் போகலாம், ஆனால் அது இல்லாதவரைக் கீழே தள்ளும். 1988 ஜூலையில் கட்சி மாநாடு முடிந்ததும் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டுகாக்கிஸ் 17 புள்ளி முன்னால். செப்டம்பர் 13 அன்று மிச்சிகன் ஸ்டெர்லிங் ஹைட்ஸில் ஹெல்மெட்டோடு டாங்கியில் ஏறி வலம் வந்தார். கறாராகத் தெரியத்தான் ஏறினார், எதிரணி அந்தக் காட்சியையே விளம்பரமாக்கியது. தந்தை புஷ் 53.4% வாங்கினார். டாங்கியால் மட்டும் தோற்றார் என்று சொல்லமாட்டேன், சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

மிஞ்சினாலும் ஆபத்து. 1964இல் குடியரசுக் கட்சி வேட்பாளர் கோல்ட்வாட்டர் அணுகுண்டு விஷயத்தில் கை துறுதுறுக்கும் ஆள் என்ற பயத்தை வைத்தே அதிபர் ஜான்சன் தரப்பு பிரசாரம் செய்தது. சிறுமி பூவிதழ் எண்ண, அணுகுண்டு வெடிப்பதில் முடியும் விளம்பரத்தைக் காசு கொடுத்து ஓடவிட்டது ஒரே முறை, செப்டம்பர் 7 அன்று. ஜான்சனுக்கு 61%. ஆகவே 'உறுதியானவர் யார்' என்ற கேள்விக்குப் பக்கத்தில் 'நம்மைப் போரில் இழுத்துவிடுவார் யார்' என்ற கேள்வி இருக்கிறதா பாருங்கள். இரண்டிலும் ஒருவரே முன்னால் இருந்தால் அந்தப் பத்துப் புள்ளி அங்கேயே கரைந்துவிடும்.

1980இல் இதுவே நடந்தது. தெஹ்ரானில் அமெரிக்கர்கள் பிணைக்கைதிகளாகப் பிடிபட்டதும் அதிபர் கார்ட்டரின் ஆதரவு ஒரே மாதத்தில் 50%ஐத் தாண்டியது, பிறகு வடிந்தது. ஏப்ரலில் மீட்பு முயற்சி பாலைவனத்தில் முடிந்து எட்டு வீரர்கள் இறந்தார்கள். ஆனாலும் எதிர்த்து நின்ற ரீகன் போரில் இழுத்துவிடுவாரோ என்ற தயக்கம் போட்டியை நெருக்கமாகவே வைத்திருந்தது. அக்டோபர் 28 விவாதத்தில் அவர் நிதானமாகப் பேசினார். காலப்பின் கடைசிக் கணிப்பு ரீகனுக்கு 47-44, முடிவு 50.7-41. கணிப்பு தவறு என்பதைவிட, கடைசி நாட்களில் ஆட்கள் நகர்ந்ததை அதனால் பிடிக்க முடியவில்லை என்பேன்.

திசைமானி:
நன்றி. அப்படியானால் ஒரு கணிப்பு கைக்கு வந்ததும் எதை முதலில் பார்ப்பது?

கணக்குப்பிள்ளை:
தலைப்பை விட்டுவிட்டு முழு வினாத்தாளைத் திறங்கள். வினாத்தாள் வெளியிடாத கணிப்பை ஒதுக்கிவிடலாம். வெளியுறவுக் கேள்விகள் ஓட்டுக் கேள்விக்கு முன்னால் வந்திருந்தால் ஓட்டு எண்ணையும் நம்ப வேண்டாம். ஈரானைப் பற்றி ஐந்து நிமிடம் பேசவைத்துவிட்டு யாருக்கு ஓட்டு என்று கேட்டால் பதில் அந்தப் பக்கம் சாயும். பிறகு யாரிடம் கேட்டார்கள்: வயதுவந்தோர் எல்லோரிடமுமா, பதிவு செய்த வாக்காளரிடமா, ஓட்டுப் போடக்கூடியவரிடமா? ஜூலைக் கணிப்பையும் அக்டோபர்க் கணிப்பையும் ஒப்பிடும்போது இந்த வரையறை நடுவில் மாறியிருக்கும், 'எழுச்சி' என்று செய்தி போடுவார்கள்.

எடை எதற்கெல்லாம் போட்டார்கள் என்பதில் கல்வி கட்டாயம் இருக்க வேண்டும். 'போன முறை யாருக்குப் போட்டீர்கள்' என்பதற்கும் சிலர் எடை போடுகிறார்கள். போட்டால் எண் பழைய தேர்தல் முடிவை நோக்கி இழுபடும். போடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2024 அயோவா: நல்ல பெயர் எடுத்த செல்சர் கணிப்பு அந்த எடை இல்லாமல் ஹாரிஸுக்கு 3 புள்ளி முன்னிலை என்றது, டிரம்ப் 13 புள்ளியில் வென்றார்.

கடைசியாகக் களத்தேதி, அதாவது கேள்வி கேட்ட நாட்கள். தாக்குதலோ பிணைக்கைதி விவகாரமோ நடந்த வாரத்தில் எடுத்த 'உறுதி' எண்ணை வைத்துக்கொண்டு பேசாதீர்கள். அதே நிறுவனம் அதே சொற்களில் மூன்று, நான்கு வாரம் கழித்துக் கேட்டதோடு ஒப்பிடுங்கள். அதுவும் பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் போன்ற இழுபறி மாநிலங்களில் தனியாக எடுத்ததாக இருந்தால் மட்டும்.