பெண் வேட்பாளரைக் கேவலமாகப் பேசிய வாட்ஸாப் ஆடியோ: ஜெயித்த பிறகு புகார் கொடுக்கலாமா?

வேலந்தாவளம் ரோடு எழுதியது:

வணக்கம். நான் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலூக்கா. ஆந்திராவில் இருக்கும் சித்தூர் இல்லை, கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருப்பது. 2025 டிசம்பர் 11ஆம் தேதி நடந்த பஞ்சாயத்துத் தேர்தலில் என் அண்ணன் மனைவி பெண்கள் வார்டில் நின்று 37 ஓட்டில் ஜெயித்தார். எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்றுதான் சொல்வோம், அப்படியே எழுதுகிறேன். எந்தக் கட்சி, எந்தப் பஞ்சாயத்து என்று எழுதப் போவதில்லை, அது தெரிந்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

நங்கை பத்து வருஷமாகக் குடும்பஸ்ரீ என்ற பெண்கள் சுய உதவிக் குழுவில் இருக்கிறார், தொழிலுறப்பு (நூறு நாள்) வேலைக்கு மேட், அதாவது மேற்பார்வையாளராகவும் இருந்தவர். மஸ்டர் ரோல் (வருகைப் பதிவேடு), கணக்கு என்று சித்தூருக்குப் போய்த் திரும்பும்போது சில நாள் கடைசி பஸ் போய்விடும், அப்புறம் ஆட்டோதான். எங்கள் தெருவுக்கே ஓட்டும் ஒரு டிரைவர், அவருக்கு என் அப்பா வயது. ஓட்டுக்கு ஐந்து நாள் இருக்கும்போது வார்டு வாட்ஸாப் குரூப்பில் ஒரு ஆடியோ வந்தது. ஒரு நிமிஷம் நாற்பது செகண்டு. பாதி மலையாளம், பாதி தமிழ். ராத்திரி ஒன்பதரைக்கு ஆட்டோவில் வந்து இறங்குகிறவள் பஞ்சாயத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவாள் என்று ஆரம்பித்து, அதற்கு மேல் பேசியதை இங்கே எழுத முடியாது. பின்னால் இரண்டு பேர் சிரிப்பதும் டீ கிளாஸ் வைக்கும் சத்தமும் கேட்கிறது. குரல் யாருடையது என்று வார்டில் எல்லாருக்கும் தெரியும்.

எதிர்க்கட்சிக்காரன் பேசியதைக் கூட நங்கை தாங்கிக்கொண்டார். மறுநாள் வீடு வீடாக ஓட்டுக் கேட்கும் ஸ்குவாடுக்குக் கிளம்பும்போது எங்கள் கட்சி வார்டு கமிட்டிக்காரர் ஒருவர், நல்ல மனிதர், மெதுவாக வந்து, "கொஞ்ச நாளைக்கு அந்த ஆட்டோவைக் கூப்பிட வேண்டாமே" என்றார். அப்போதுதான் நங்கை முகம் செத்துப்போனது. அன்றைக்கு மூன்று வீட்டுக்கு மேல் போகவில்லை.

இப்போது ஜெயித்தாச்சு, மக்களே பதில் சொல்லிட்டாங்க, விடு என்கிறார்கள். அண்ணனும் அதைத்தான் சொல்கிறான். ஆனால் ஏழாவது படிக்கும் அவர்கள் மகளிடம் ஸ்கூல் பஸ்ஸில் ஒரு பையன் அந்த ஆடியோவில் வரும் ஒரு வார்த்தையைச் சொல்லிக் கேட்டிருக்கிறான். நங்கை பஞ்சாயத்துக் கூட்டத்துக்குப் போகிறார், கையெழுத்துப் போடுகிறார், வாயைத் திறக்காமல் திரும்பி வருகிறார். தெருவிளக்கைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவர். இதற்கா 37 ஓட்டில் ஜெயித்தோம்?

2019 ஏப்ரலில் எங்கள் ஆலத்தூர் எம்.பி. தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளராக ரம்யா ஹரிதாஸ் நின்றபோதும் இதே கதைதான். கூட்டணித் தலைவர்களைப் போய்ப் பார்த்ததையே இரட்டை அர்த்தத்தில் பேசினார், இடது முன்னணிக்கு அப்போது கன்வீனராக இருந்த ஏ. விஜயராகவன். ரம்யா போலீசில் புகார் கொடுத்தார், அப்புறம் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்தப் பேச்சுதான் அவரை ஜெயிக்க வைத்தது என்று டீக்கடையில் இன்றைக்கும் சொல்வார்கள். எனக்கு அதைக் கேட்டாலே எரிகிறது. கல்லால் அடித்தவன்தான் வழி காட்டினான் என்ற மாதிரி இருக்கிறது.

என் கேள்வி இரண்டு. தேர்தல் முடிந்த பிறகு புகார் எடுத்துக்கொள்வார்களா? கொடுத்தால் என்ன ஆகும், உங்களில் யாராவது பார்த்திருக்கிறீர்களா?

தென்னந்தோப்பு எழுதியது:

தம்பி, நானும் சித்தூர் தாலூக்காதான், முப்பது வருஷமாக எலக்‌ஷன் வேலை பார்க்கிறேன். பேசியது தப்பு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஸ்டேஷன், கோர்ட்டு என்று போனால் அந்த ஆடியோ இதுவரை கேட்காதவர்களும் கேட்பார்கள். குழந்தைக்கும் அதுதான் இன்னும் கஷ்டம். ஆண்களையும்தான் திட்டுகிறார்கள், என்னையே கள்ளன் என்று நோட்டீஸ் அடித்தார்கள், நான் எங்கேயும் போகவில்லை. மெம்பராக நல்லபடி வேலை செய்து காட்டட்டும், வாய் தானாக அடங்கும். உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறேன்.

தேயிலைக்காடு எழுதியது:

மூணாறிலிருந்து எழுதுகிறேன். என் அம்மா கொழுந்து எடுத்தவர், பாட்டியும்தான்.

தோப்பு அண்ணா, உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் அந்த இரண்டும் ஒன்றில்லை. உங்களைக் கள்ளன் என்றால் நீங்கள் ரசீதைக் காட்டலாம், கணக்கு நோட்டை விரித்து வைக்கலாம், பாங்கில் எழுதி வாங்கி வரலாம். ஒன்பதரைக்கு ஆட்டோவில் வந்த பெண் எந்த ரசீதைக் காட்டுவார்? ஆட்டோவில் வந்தேன், வீட்டுக்கு வந்தேன் என்று அவர் சொல்லச் சொல்லப் பேச்சு வளரும். பதில் சொல்ல முடியாத இடமாகப் பார்த்து அடிப்பதுதான் இந்த மாதிரிப் பேச்சின் வேலையே.

2015 செப்டம்பரில் இங்கே தேயிலைத் தோட்டத்துப் பொம்பளைங்க ரோட்டில் உட்கார்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது ஒரு நாள் கூலி 232 ரூபாய். போனஸைக் குறைத்துவிட்டார்கள், 20 சதவீதம் வேணும் என்று உட்கார்ந்தார்கள். ஒன்பது நாள். யூனியன் தலைவர்களைப் பக்கத்தில் விடவில்லை. "பொம்பளைக்கு என்ன தெரியும்" என்று லயத்தில் (தோட்டக் குடியிருப்பில்) தினமும் கேட்ட சொல், அதையே எடுத்துப் பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை என்று பேர் வைத்துக்கொண்டார்கள். போனஸ் கேட்டபடி கிடைத்தது, பேச்சுவார்த்தைக்குப் பிறகு கூலி 301 ஆனது. அதே வருஷம் நவம்பரில் உள்ளாட்சித் தேர்தலில் நின்று, போராட்டத்தை முன்னின்று நடத்திய கோமதி தேவிகுளம் பிளாக் பஞ்சாயத்துக்கே ஜெயித்துப் போனார்.

அதற்குப் பிறகுதான் பேச்சு ஆரம்பித்தது. போராட்ட நாட்களில் ராத்திரி யார் எங்கே இருந்தார்கள், காட்டுக்குள் யார் போனார்கள் என்று. கடைசியில் 2017 ஏப்ரலில் அன்றைய மின்சார மந்திரி எம்.எம். மணியே அடிமாலிப் பக்கம் ஒரு கூட்டத்தில் அதை மேடையேற்றினார். போராட்டம் முடிந்து ஒன்றரை வருஷம் ஆகியும் கேட்டது கூலியைப் பற்றி இல்லை, காட்டைப் பற்றி. அது மலைநாட்டுப் பேச்சு நடை, தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஆதரவாளர்கள் சொன்னார்கள். நாங்களும் இதே மலையில்தான் பிறந்தோம், எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. கோமதியும் மற்றவர்களும் மூணாறு டவுனில் மறுபடி உட்கார்ந்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். மந்திரி வருத்தம் தெரிவித்தார், அவர் கட்சியே வெளிப்படையாகக் கண்டித்தது. பதவி போகவில்லை.

எங்கள் அம்மாவுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. போராட்டத்தில் ஒன்பது நாளும் இருந்தவர். டிவியில் அந்தப் பேச்சு வந்தபோது சோறு போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் குண்டானை மூடிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். எங்கள் அப்பா ஒன்றும் கேட்கவில்லை, அவரும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா மறுநாள் டவுனுக்குப் போய்க் கோமதியோடு உட்கார்ந்த பிறகுதான் எங்களோடு பழையபடி பேசினார்.

அதனால் வேலந்தாவளம், நங்கை கூட்டத்தில் வாயைத் திறக்காமல் வருகிறார் என்று எழுதினீர்களே, அதைச் சாதாரணமாக விடாதீர்கள். புகார் கொடுப்பதா வேண்டாமா என்று அண்ணனோடு முடிவு பண்ணாதீர்கள், நங்கையிடம் கேளுங்கள். உங்கள் பதிவு முழுக்கத் தேடிப் பார்த்தேன், அவர் என்ன நினைக்கிறார் என்பது மட்டும் இல்லை.

குமாஸ்தா எழுதியது:

பாலக்காட்டில் வக்கீல் ஆபீஸ் வேலை. வக்கீலைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள், ஆனால் வழி என்ன என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நிறையப் பேர் எலக்‌ஷன் கமிஷனுக்கு எழுதுங்கள் என்பார்கள். 2019ல் ஜெயப்பிரதாவைப் பற்றிப் பேசிய ஆசம் கானுக்கு 72 மணி நேரம், 2024ல் ஹேமமாலினியைப் பற்றிப் பேசிய ரண்தீப் சுர்ஜேவாலாவுக்கு 48 மணி நேரம் பிரசாரத் தடை விதித்தது மத்தியத் தேர்தல் ஆணையம். பஞ்சாயத்துத் தேர்தலை நடத்துவது அவர்கள் இல்லை, மாநிலத் தேர்தல் ஆணையம். அவர்களுடைய நடத்தை விதியும் தேர்தலோடு முடிந்துவிடும். தவிர, மேடையே இல்லாமல் டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிறவனுக்குப் பிரசாரத் தடை போட்டு என்ன ஆகும்? உங்களுக்கு வழி போலீஸ்தான்.

ஐபிசிக்குப் பதிலாக வந்த குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 79, பழைய ஐபிசி 509. பெண்ணின் மானத்தை அவமதிக்கும் நோக்கத்தோடு சொல், சத்தம், சைகை. மூன்று வருஷம் வரை சிறை. போலீஸ் நேரடியாகக் கேஸ் பதிவு செய்யலாம், மாஜிஸ்திரேட் அனுமதி வேண்டாம். தேர்தல் முடிந்துவிட்டது என்பதெல்லாம் இதற்குப் பொருட்டே இல்லை, காலக்கெடு மூன்று வருஷம். ஒரு விஷயம் கவனியுங்கள்: அந்தப் பெண்ணின் காதில் விழ வேண்டும் என்ற நோக்கம் இந்தப் பிரிவில் முக்கியம். நங்கை அந்தக் குரூப்பில் மெம்பரா? மெம்பர் என்றால் உங்கள் பக்கம் பலம்.

இன்னொன்று அதே சட்டத்தில் பிரிவு 175, வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தையைப் பற்றித் தேர்தலைப் பாதிக்கும் நோக்கத்தில் பொய் சொல்வது. இதற்குத் தண்டனை அபராதம் மட்டும்தான், அதனால் கெடு ஆறே மாதம். போலீஸ் தானாகப் பதிவு செய்யாது, மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும். இதை விட்டுவிடக் கூடாது என்று நான் நினைப்பேன், ஏனென்றால் நடந்தது தேர்தலுக்காகச் செய்த வேலை என்று சொல்லும் பிரிவு இதுதான்.

ஆடியோவை அழிக்காதீர்கள், யாருக்கும் பார்வர்டு பண்ணாதீர்கள், நியாயம் கேட்பதற்காகக் கூட. வந்த போனை மாற்றாதீர்கள். குரூப் பேர், அனுப்பியவர் நம்பர், தேதி, நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட். கோர்ட்டில் கொடுக்கும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் பிரிவு 63ன்படி மின்னணு ஆதாரத்துக்கான சர்டிபிகேட் வேணும், பழைய சட்டத்தில் 65பி. அதில் ஏ, பி என்று இரண்டு பகுதி. குரூப் அட்மின் மேல் கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை, மெம்பர் போட்டதற்கு அட்மின் பொறுப்பில்லை என்று 2022லேயே கேரள ஹைகோர்ட்டு சொல்லிவிட்டது.

கடைசியாக, எங்கள் ஆபீஸில் திரும்பத் திரும்பப் பார்ப்பது. பெண்கள் புகார் எழுதும்போது "என்னைப் பற்றித் தவறாகப் பேசினார்" என்று எழுதுவார்கள். அந்த வரியை வைத்துக்கொண்டு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. பேசிய வார்த்தை அப்படியே வர வேண்டும், எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், நம்ம தாலூக்காவில் தமிழருக்கு அந்த உரிமை இருக்கிறது.

நகரி நெசவு எழுதியது:

இது ஆந்திரா சித்தூர்ப் பக்கம், நகரி. தறிக்காரர்கள், பாதிப் பேர் தமிழ். எங்கள் ஊர் ரோஜா மேடத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டவன் நான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2023ல் அவர் மந்திரியாக இருந்தபோது தெலுங்கு தேசத்தைச் சேர்ந்த பண்டாரு சத்தியநாராயண மூர்த்தி அவரைப் பேசிய பேச்சுக்குக் கைதே ஆனார். தறி மேடையில் உட்கார்ந்திருந்த எங்கள் ஆட்கள் சிலர் அந்த வீடியோவைப் போட்டுப் போட்டுச் சிரித்தார்கள். ரோட்டைப் பற்றி, நூல் விலையைப் பற்றி அவரிடம் கேட்க எங்களுக்கு நூறு கேள்வி இருந்தது. அந்த வாரம் ஒன்றையும் யாரும் கேட்கவில்லை, பேச்செல்லாம் அவர் நடித்த படத்தைப் பற்றித்தான்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2021 நவம்பரில், சட்டசபையில் தன் மனைவியைப் பற்றிப் பேசிவிட்டார்கள் என்று தெலுங்கு தேசத் தலைவர் சந்திரபாபு நாயுடு பத்திரிகைக்காரர்கள் முன்னால் அழுதார். அன்றைக்குச் சிரித்தவர்கள் வேறு ஆட்கள், அவ்வளவுதான். உங்கள் கட்சிக்காரர் ஆட்டோவைக் கூப்பிட வேண்டாம் என்றாரே, அவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த ஆட்டோவில் நங்கையோடு கட்சிக்காரர்களும் ஏறி வந்திருந்தால் பேச்சு அன்றைக்கே அடங்கியிருக்கும்.

தென்னந்தோப்பு எழுதியது:

தேயிலைக்காடு, ரசீது விஷயம் சரிதான். எனக்கு அது தோன்றவில்லை. எங்கள் பக்கத்துப் பெண் வேட்பாளர்களைப் பற்றி வந்ததையும் நான் கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கிறேன். ஸ்டேஷனுக்குக் கூட ஆள் வேணும் என்றால் சொல்லுங்கள், வருகிறேன்.

வேலந்தாவளம் ரோடு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தேயிலைக்காடு எழுதியதைப் படித்துவிட்டு வெட்கமாகப் போய்விட்டது, நான் கேட்கவே இல்லைதான். நேற்று ராத்திரி நங்கையிடம் போனைக் கொடுத்து இந்தப் பேச்சு முழுவதையும் படிக்கச் சொன்னேன். இரண்டு தடவை படித்தார். "குரூப்பில் நான் இருக்கேன், இன்னும் வெளியே வரலை, வந்தா பயந்துட்டேன்னு சொல்லுவாங்க" என்றார். அது நமக்குப் பலம் என்று குமாஸ்தா எழுதியதைக் காட்டினேன்.

அப்புறம் மேஜையில் பேப்பரை வைத்து நான் எழுத ஆரம்பித்தேன். பேசிய வார்த்தை வரும் இடத்தில் என் கை நின்றுவிட்டது. சுற்றி வளைத்து வேறு மாதிரி எழுதினேன். அவர் அதை வாசித்துவிட்டுப் பேனாவை வாங்கி, நான் எழுதியதை அடித்துவிட்டு, ஆடியோவில் இருப்பதை அப்படியே எழுதினார். ஒரு இடத்தில் அண்ணனைக் கூப்பிட்டு, அது மலையாளத்தில் வந்ததா தமிழில் வந்ததா என்று கேட்டார். அண்ணன் பதில் சொன்னான், அப்புறம் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஆட்டோ டிரைவர் சாட்சி சொல்கிறேன் என்கிறார். தோப்பு அண்ணா, செவ்வாய்க்கிழமை காலையில் போகிறோம், பத்து மணிக்கு வர முடியுமா? குமாஸ்தா, 63 சர்டிபிகேட்டில் ஏ பகுதியில் நங்கை கையெழுத்துப் போடலாம் என்று புரிகிறது, பி பகுதியில் யாரிடம் வாங்க வேண்டும்? போனை ஸ்டேஷனில் கேட்டால் கொடுத்துவிடலாமா, ரசீது கேட்க வேண்டுமா?