சிங்கப்பூருக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு: மக்கள்தொகை பற்றிக் காதில் விழுவதும் கணக்கில் இருப்பதும்

இந்த வாரம் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "இரண்டு வருடம் இருந்தால் பி.ஆர். (நிரந்தரவாசம்) கிடைத்துவிடுமாமே, ஊரில் இருக்கும் வீட்டை விற்றுவிடலாமா?" மூவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன். விற்காதீர்கள்.

இந்த "இரண்டு வருடம்" எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பெரும்பாலும் 2009க்கு முன்பு இங்கே வந்த உறவினர் ஒருவரிடம் போய் நிற்கும். அவர் பொய் சொல்லவில்லை. 2008இல் 79,167 பேருக்கு நிரந்தரவாசம் கிடைத்தது. 2010இல் அது 29,265ஆகச் சுருங்கிவிட்டது. இரண்டே ஆண்டுகளில் கதவு பாதிக்கும் மேல் சாத்தப்பட்டது. அதன் பிறகு ஆண்டுக்கு 30 ஆயிரத்தைச் சுற்றியே இருந்து, அண்மை ஆண்டுகளில் 35 ஆயிரத்தை ஒட்டி நிற்கிறது. விண்ணப்பித்த ஆறே மாதத்தில் கிடைத்தது என்று சித்தப்பா சொல்வது அவர் காலத்துக்கு உண்மை. உங்கள் காலம் வேறு. வேலை அனுமதியில் இத்தனை ஆண்டு இருந்தால் நிரந்தரவாசம் தானாக வரும் என்று எந்த விதியும் இல்லை. நிராகரிக்கும்போது காரணமும் சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது, "சிங்கப்பூரில் பாதிப் பேர் வெளிநாட்டவர்" என்ற பேச்சு. 2025 ஜூன் கணக்கின்படி மொத்த மக்கள்தொகை 61.1 லட்சம். அதில் குடிமக்கள் 36.6 லட்சம், நிரந்தரவாசிகள் 5.4 லட்சம், மீதி 19.1 லட்சம் பேர் நம்மைப் போல அனுமதிச் சீட்டில் இருப்பவர்கள். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அந்த 19 லட்சத்தையும் பிரித்துப் பாருங்கள். பெரும்பகுதி கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் ஆலைகளிலும் உழைக்கும் ஒர்க் பெர்மிட் ஊழியர்களும் இல்லப் பணிப்பெண்களும்தான். உயர்நிலைப் பணிகளுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவர்கள் பத்தில் ஒருவர் அளவே. வெளிநாட்டவர் என்றதும் கண்ணாடிக் கட்டடத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பவர்தான் நினைவுக்கு வருகிறார். அந்தக் கட்டடத்தைக் கட்டிவிட்டு லாரியில் தங்குவிடுதிக்குத் திரும்பிக்கொண்டிருப்பவர்தான் எண்ணிக்கையில் அதிகம். அவர்களிலும் நம்மவர்கள் ஏராளம்.

நிரந்தரவாசிகளின் எண்ணிக்கையைக் கவனித்தீர்களா? பத்தாண்டுகளுக்கும் மேலாக 5 லட்சத்தைத் தாண்டி ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது. ஒருபக்கம் புதியவர்கள் வருகிறார்கள், மறுபக்கம் ஆண்டுதோறும் 20 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் குடியுரிமை பெற்று அடுத்த அடுக்குக்குப் போய்விடுகிறார்கள். சிலர் நாட்டை விட்டே கிளம்புகிறார்கள். திட்டமிட்டுத்தான் இந்த அளவு காக்கப்படுகிறது. குடிமக்களின் இன விகிதம் பெரிதாக மாறாமல் பார்த்துக்கொள்வதும் கொள்கையின் ஒரு பகுதி என்று நாடாளுமன்றத்திலேயே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். எனவே, "என் சம்பளம் இவ்வளவு, எனக்கு ஏன் கிடைக்கவில்லை" என்று ஒருவர் தன்னையே நொந்துகொள்வதில் பொருளில்லை. அந்த முடிவில் உங்கள் தகுதியைத் தாண்டிய கணக்குகளும் இருக்கின்றன.

நாம் இருக்கும் மூன்றாவது அடுக்கு, பொருளாதாரம் விரியும்போது விரிந்து சுருங்கும்போது சுருங்கும் அடுக்கு. இதைப் புதியவர்கள் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும். கொரோனா காலத்தில், 2020 ஜூனுக்கும் 2021 ஜூனுக்கும் இடையில் நாட்டின் மொத்த மக்கள்தொகை 56.9 லட்சத்திலிருந்து 54.5 லட்சமாகக் குறைந்தது. அனுமதிச் சீட்டுக்காரர்கள் மட்டும் பத்தில் ஒருவருக்கு மேல் குறைந்துபோனார்கள்.

அந்தப் பத்தில் ஒருவர் என் நண்பர். வேலை போனது ஒரு செவ்வாய்க்கிழமை. பாஸ் ரத்தானதும் 30 நாள் தங்கும் அனுமதி கையில் கொடுத்தார்கள். மகள் இரண்டாம் வகுப்பு. சோபாவை வாங்க ஆளில்லை, விலையில்லாமல் கொடுக்கவும் ஆளில்லை. கடைசியில் மின்தூக்கிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அதன் மேல் 'நல்ல நிலையில் உள்ளது' என்று மகள் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டினார்கள். திருச்சிக்கு, இந்திய அரசு அப்போது இயக்கிய வந்தே பாரத் சிறப்பு விமானத்தில் இடம் கிடைக்கும் வரை தரையில் பாய் விரித்துப் படுத்தார்கள். ஊரில் வீடு இருந்தது. அது ஒன்றுதான் அன்று அவர்களுக்குக் கைகொடுத்தது. வீட்டை விற்காதீர்கள் என்று எடுத்த எடுப்பிலேயே நான் சொன்னதற்கு அந்தத் தாள்தான் காரணம்.

இனி 'சீகா' விவகாரம். வந்த சில மாதங்களுக்குள் இந்தச் சொல் உங்கள் காதில் விழும், சில சமயம் வசவாகவே விழும். இந்தியாவும் சிங்கப்பூரும் 2005இல் செய்துகொண்ட விரிவான பொருளியல் ஒத்துழைப்பு உடன்பாட்டின் ஆங்கிலச் சுருக்கம் அது. அந்த உடன்பாட்டால் இந்தியர்கள் தடையின்றி வந்து குவிகிறார்கள் என்பது இங்கே பலர் நம்பும் கதை. நம்மவர்களிலும் சிலர் அதை நம்பி, "நமக்குத் தனிச் சலுகை இருக்கிறதாமே" என்று கேட்கிறார்கள். இல்லை. நிரந்தரவாசமோ குடியுரிமையோ வேலை அனுமதியோ அந்த உடன்பாட்டால் தானாகக் கிடைப்பதில்லை. நிறுவனத்துக்குள்ளேயே கிளை மாற்றலாகி வரும் இந்தியர்கள் 2020இல் சுமார் 500 பேர்தான் என்று மனிதவள அமைச்சர் 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் விளக்கினார். அதே உரையில் இன்னோர் உண்மையையும் அவர் மறைக்கவில்லை. எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருப்பவர்களில் இந்தியர்களின் பங்கு 2005இல் ஏழில் ஒன்றாக இருந்தது, 2020இல் நான்கில் ஒன்றைத் தாண்டிவிட்டது. காரணம் உடன்பாடு அல்ல, தகவல் தொழில்நுட்பத் துறைக்கு ஆள் தேவைப்பட்டதுதான். ஆனால் கூடியது கூடியதுதான். கண்ணால் கண்டதைச் சிங்கப்பூரர்கள் பேசுகிறார்கள், காரணத்தைத்தான் மாற்றிப் பிடித்துக்கொண்டார்கள்.

இப்போதைய விதியோ நேர்மாறானது. 2023 செப்டம்பர் முதல் எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குக் 'காம்பஸ்' என்ற புள்ளி முறை வந்துவிட்டது. மொத்தம் 40 புள்ளி வேண்டும். சம்பளம், படிப்பு, நிறுவனம் உள்ளூர்வாசிகளுக்கு எந்த அளவு வேலை கொடுக்கிறது என்பவற்றோடு, அங்கே உங்கள் நாட்டவர் எத்தனை பேர் என்பதும் ஒரு கேள்வி. உயர்நிலைப் பணியாளர்களில் உங்கள் நாட்டவர் 25 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் அந்தப் பகுதியில் பூஜ்யம். 5 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் 20. நம்மவர்கள் நிறைந்த நிறுவனம் என்று மகிழ்ந்து சேருபவர்கள், பாஸ் புதுப்பிக்கும் நேரத்தில் அதுவே பாரமாகலாம் என்பதைத் தெரிந்துகொண்டு சேருங்கள். சம்பளத்துக்கும் தனிக் கீழ்வரம்பு உண்டு. 2025 ஜனவரி முதல் அது 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), நிதித்துறைக்கு 6,200, வயது கூடக் கூட உயரும். வரம்பு அவ்வப்போது ஏற்றப்படுவதால் புதுப்பிக்கும் ஆண்டில் அமைச்சின் இணையத்தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தெம்பனிஸில் எங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள காப்பிக்கடையில் ஒரு சீனப் பெரியவர் என் மேசையில் வந்து அமர்வார். ஒருநாள் சட்டென்று, "நீயும் சீகாவா?" என்று கேட்டார். முகம் சுருங்கிவிட்டது எனக்கு. ஆனாலும் பாஸ் எப்படி வாங்கினேன், என்ன சம்பள வரம்பு, எத்தனை தாள் கேட்டார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். காப்பியைத் தட்டில் ஊற்றி ஆற்றிக்கொண்டே, "முன்பெல்லாம் வேலைக்குப் போகும்போது ரயிலில் உட்கார்ந்து போவேன். என் பையனுக்கு நிற்கவே இடமில்லை" என்றார். அவருடைய குறை அதுதான். இதில் பொய் எங்கே இருக்கிறது?

2013 ஜனவரியில் அரசு மக்கள்தொகை வெள்ளை அறிக்கை வெளியிட்டது. 2030இல் 69 லட்சம் வரை ஆகலாம் என்று வைத்துக்கொண்டு வீடு, ரயில், மருத்துவமனை திட்டமிடுவோம் என்றது. மக்கள் அதை இலக்காகப் படித்தார்கள். அடுத்த மாதம் ஹோங் லிம் பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பிறகு 2020 பொதுத்தேர்தல் சமயத்தில் 'ஒரு கோடி' என்ற எண் கிளம்பியது, அப்படி எந்த இலக்கும் இல்லை என்று அரசு மறுத்தது. 2030இல் 69 லட்சத்தைவிடக் கணிசமாகக் குறைவாகவே இருக்கும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். யாராவது இந்த எண்களை இலக்கு என்று உங்களுக்கு அனுப்பினால் மேலே அனுப்பாதீர்கள்.

இவ்வளவு எதிர்ப்பு இருந்தும் ஏன் கதவை முழுதாகச் சாத்தவில்லை? பிள்ளைகள் பிறக்கவில்லை. 1970களில் இரண்டோடு நிறுத்துங்கள் என்று அரசே தட்டி வைத்துச் சொன்ன நாடு இது. 1987இல் வசதியிருந்தால் மூன்று அல்லது அதற்கு மேல் பெற்றுக்கொள்ளுங்கள் என்று மாற்றிச் சொன்னார்கள், அதற்குள் பழக்கம் மாறிவிட்டது. 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.97 பிள்ளை. ஒன்றுக்கும் கீழே போனது அதுதான் முதல் முறை, 2024இலும் அதே அளவுதான். தலைமுறை தேயாமல் இருக்க 2.1 வேண்டும். 2030இல் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். அந்த முதியவர்களைப் பார்த்துக்கொள்ளவும் வரி கட்டவும் ஆள் வேண்டும், வருகிற ஆள் ஊரின் முகத்தை மாற்றிவிடவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம் விண்ணப்பங்கள் எல்லாம் நகர்கின்றன.

இந்தியர்கள் பெருகிவிட்டார்கள் என்பதற்கும் ஒரு கணக்கு: குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேர்ந்த கணக்கில் இந்தியர் பங்கு 2010இல் 9.2 விழுக்காடு, 2020இல் 9.0.

இந்த 9 விழுக்காட்டுக்குள் பல தலைமுறைத் தமிழர்கள் இருக்கிறார்கள். தமிழ் இங்கே நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றாக இருப்பதும், 1935இல் தொடங்கிய தமிழ் முரசு இன்னும் வருவதும் அவர்கள் காத்துக் கொடுத்தவை. நான் வந்த புதிதில் எதிர்வீட்டு அக்காவிடம், "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டேன். "செம்பவாங்" என்றார். "இல்லை, சொந்த ஊர்?" என்றேன். "தாத்தா காலத்திலிருந்து செம்பவாங்தான் தம்பி" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கேள்வி அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று புரிய எனக்குப் பல மாதம் ஆயிற்று. நீங்கள் கேட்காதீர்கள்.

பின்குறிப்பாகச் சில கேள்விகளுக்குப் பதில்.

கருவுற்றிருக்கும் சகோதரி கேட்டது: இங்கே பிறந்தால் குழந்தைக்குக் குடியுரிமை கிடைக்குமா? கிடைக்காது. தாய் தந்தையரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். மேலும், இந்தியாவைப் போலவே சிங்கப்பூரும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை.

பதினோரு வயது மகனையும் சேர்த்து நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டவருக்கு: தாராளமாக, ஆனால் மகனோடு பேசிவிட்டு. வேலை அடிப்படையில் முதலில் விண்ணப்பிக்கும் தந்தைக்குத் தேசிய சேவையிலிருந்து (கட்டாய ராணுவ, சீருடைப் பணி) விலக்கு உண்டு. அவர் மூலமாக நிரந்தரவாசம் பெறும் மகனுக்கு இல்லை. பதினாறரை வயதில் பதிவு, பிறகு இரண்டு ஆண்டு முழுநேரச் சேவை. இடையில் நிரந்தரவாசத்தைக் கைவிட்டு நழுவினால், பின்னாளில் இங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ அவன் விண்ணப்பிக்கும்போது அது எதிராக நிற்கும். படிவம் நிரப்பும் அன்று பையனுக்கு வயது பதினொன்று, கடமை வரும்போது பதினெட்டு.

வாடகைக்கு வீடு தர மறுக்கிறார்கள் என்று வருந்தியவருக்கு: சில இடங்களில் அது பாரபட்சமேதான், மழுப்ப விரும்பவில்லை. சில இடங்களில் ஒதுக்கீடு நிரம்பியிருக்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) முழு வீட்டை வாடகைக்கு எடுக்கும் மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு வட்டாரத்தில் 8, புளோக்கில் 11 விழுக்காடு என்று வரம்பு இருக்கிறது. முகவரியைச் சொன்னால் முகவரே சரிபார்த்துச் சொல்லிவிடுவார், அதைக் கேட்ட பிறகு வீடு பார்க்கப் போங்கள். வாங்கும் எண்ணம் இருந்தால், வெளிநாட்டவருக்கு 2023 ஏப்ரல் முதல் கூடுதல் முத்திரை வரி 60 விழுக்காடு. நிரந்தரவாசக் குடும்பமும் மூன்றாண்டு காத்திருந்துதான் வீவக மறுவிற்பனை வீடு வாங்க முடியும்.

இரண்டாண்டு வாடகை ஒப்பந்தத்தில், வேலை போய் நாட்டை விட்டுப் புறப்பட நேர்ந்தால் இடையில் முறித்துக்கொள்ள 'டிப்ளமேட்டிக் கிளாஸ்' என்று ஒரு பிரிவு சேர்ப்பது வழக்கம். பெரும்பாலும் முதல் 12 மாதத்துக்குப் பின் இரண்டு மாத முன்னறிவிப்பு. கையெழுத்துப் போடும் முன் அந்தப் பிரிவு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று முகவரை விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.