ஸ்விஃப்ட் பெட்ரோலுக்கு கேட்டலிஸ்ட் உள்ள பைப்பா, இல்லாததா?

2012 மாடல் ஸ்விஃப்ட், 1.2 பெட்ரோல், பிஎஸ்4 (புகை விதி), 1,40,000 கி.மீ. ஓடியது. ஊர் கோவை. தீபாவளியிலிருந்து செக் இன்ஜின் விளக்கு எரிகிறது, கோட் பி0420 (புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம்). ஸ்டார்ட் செய்ததும் அடியில் கடகட சத்தம். ஊட்டி மலை ஏறினால் வண்டி இழுக்கவே மாட்டேன் என்கிறது.

பிளக், கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சார் இரண்டும் மாற்றியாச்சு. ஸ்கேனரில் அழித்தாலும் அதே கோட் திரும்ப வருகிறது. கன்வெர்ட்டர் உள்ளே உடைந்து அடைத்திருக்கிறதாம். "வெறும் பைப் போடுங்க சார், பிக்கப் பறக்கும்" என்கிறார் மெக்கானிக். பறக்கட்டும், புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம் தாண்டக்கூடாதே! கன்வெர்ட்டரைக் கழற்றுவது சட்டப்படியும் தப்பு. ஆனால் ஒரிஜினல் விலை கையைக் கடிக்கிறது.

இதே வண்டிக்கு வெளிமார்க்கெட் கன்வெர்ட்டர் போட்டவர்களுக்குப் புகைச் சோதனையும் தேறி, விளக்கும் திரும்ப எரியாமல் இருக்கிறதா?