புதுப்பிப்பு: தூண் பாறைக் காட்சியும் தலைப்பின் கறுப்புக் கட்டமும்

காணொளித் தொகுப்பில், கொடைக்கானல் தூண் பாறையில் எடுத்த மூடுபனிக் காட்சியின் மேல் தலைப்பை வைத்தால் எழுத்தைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் வருகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். தீர்ந்துவிட்டது.

தலைப்பு எச்.264 எம்பி4 என்ற காணொளிக் கோப்பாக வந்திருந்தது. எங்கே ஒளி ஊடுருவ வேண்டும் என்று சொல்லும் ஆல்பா தடம் அந்த வடிவத்தில் வழக்கமாக இருப்பதில்லை. இங்கே சிலர் சொன்ன ‘ஸ்கிரீன்’ கலப்பு முறை கறுப்பை நீக்கியது உண்மைதான். ஆனால் அது வெளிச்சத்தை மட்டுமே கூட்டும். வெண்பனியின் மேல் வெள்ளை எழுத்து கரைந்தே போனது, எழுத்தின் நிழலும் மறைந்தது. இருண்ட சோலைக்காட்டுக் காட்சி என்றால் அதுவே போதும். தலைப்பை ஆல்பாவுடன் புரோரெஸ் 4444 வடிவத்தில் மறுபடி வாங்கினேன். ஓரங்கள்கூடச் சுத்தமாக அமர்ந்தன. சொன்ன அனைவருக்கும் நன்றி.

நிறம்தான் இன்னும் பாடுபடுத்துகிறது. மாறுபாட்டை (கான்ட்ராஸ்ட்) கூட்டியதும் பனியில் பட்டை பட்டையாகக் கோடுகள்! 8 பிட் பதிவில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 10 பிட்டில் 1024. பனியின் மெல்லிய சாயல்களுக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது. இப்போதைக்கு மாறுபாட்டைக் குறைத்து, பட்டைகள் தெரியாதபடி லேசான துகள் விளைவு (கிரெய்ன்) சேர்த்திருக்கிறேன். அடுத்து, கொடைக்கானல் அருகிலுள்ள பூம்பாறை ஊரின் அடுக்கு வயல்களை 10 பிட்டில்தான் எடுக்கப்போகிறேன்.