அப்டேட்: ஒரே டிஷ், மூணு ரூம், ரெக்கார்டிங் ஓடுது

டிடி ஃப்ரீ டிஷ்ஷ ஒரு இடத்துல ரெக்கார்ட் பண்ணி எல்லா ரூம்லயும் பாக்க முடியுமான்னு கேட்டிருந்தேன்ல, முடியுது. பூட்டு (என்கிரிப்ஷன்) போடாத சேனல் மட்டும்தான்.

ஒரே கேபிள ரெண்டா பிரிக்கற ஸ்ப்ளிட்டர் போதும்னு சொன்னவங்களுக்கு: ட்யூனர் (சேனல பிடிக்கற கருவி) 13 வோல்ட் அனுப்புனா எல்என்பி (டிஷ் முன்னாடி சிக்னல வாங்கற பாகம்) வெர்டிகல் சிக்னல எடுக்கும், 18 அனுப்புனா ஹரிசான்டல், ரெண்டு ட்யூனரும் ஒரே கேபிள்ல இருந்தா அடிதடிதான். அதான் ட்வின் எல்என்பி (ரெண்டு அவுட்புட் இருக்கறது) மாட்டி மொட்டை மாடிலேர்ந்து ரெண்டு கேபிள் இறக்கியாச்சு.

ராஸ்பெர்ரி பை 4ல (குட்டி கம்ப்யூட்டர்) டிவிஹெட்எண்ட்னு ரெக்கார்டிங் சாஃப்ட்வேர், யூஎஸ்பி ட்யூனர் ரெண்டு, ரூமுக்கு ரூம் பாக்கறதுக்கு கோடி (Kodi) ஆப். வர்ற ஸ்ட்ரீம அப்படியே ஹார்ட் டிஸ்க்ல எழுதிடுது, வீடியோவ மாத்தி எழுதற என்கோடிங் கிடையாது, அதனால பை அலட்டிக்கவே இல்ல, 4 எம்பிபிஎஸ் சேனல்னா மணிக்கு 1.8 ஜிபி. ஒரே டிரான்ஸ்பாண்டர்ல (சாட்டிலைட்ல பல சேனல சேத்து அனுப்பற ஒரு அலைவரிசை) இருக்கற சேனல்லாம் ஒரே ட்யூனர்ல சேந்து ரெக்கார்ட் ஆகுது, செம!

பெட்ரூம்ல மட்டும் வைஃபை திக்குது, லேன் கேபிள் இழுக்கணும், சுவத்துல இன்னொரு ஓட்டைக்கு வீட்ல பர்மிஷன் வரல.