சிக்கிள் செல் டிரெய்ட்: 'நோய்க்காவி' பொருந்துமா?

வணக்கம்.

மலேரியாவையும் மரபுவழிச் சிவப்பணு வேறுபாடுகளையும் பற்றி எழுதுகையில், சிக்கிள் செல் டிரெய்ட் (சிவப்பணுவை அரிவாள் வடிவாக்கும் மரபணு பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்த நிலை) உள்ளவரை 'நோய்க்காவி' என்கிறோம். இலங்கை வழக்கில் மலேரியாவின் நோய்க்காவி அனோபிலிஸ் நுளம்பு. ஒரே பத்தியில் நுளம்பும் காவி, மனிதரும் காவி என்றால், அவரிடமிருந்து நோய் தொற்றும் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

ஹீமோகுளோபினில் உள்ள பீட்டா குளோபின் புரதத்தின் 6ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலம் போய் வேலின் வந்த மரபணு, பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பொதுவாக நோய்க்குறி இராது. ஃபால்சிபேரம் என்ற கடும் வகை மலேரியா தொற்றினாலும் முற்றுவது வெகுவாகக் குறையும். மரபியல் ஆய்வாளர் ஆலிசன் 1954இல் கிழக்கு ஆப்பிரிக்க ஆய்வுகளை வைத்து எழுதியது இந்தக் காப்பைத்தான். இருவரிடமிருந்தும் வந்தால் அரிவாளணுச் சோகை. அது உள்ளவருக்கு மலேரியா உயிராபத்து.

ஆகவே 'ஒற்றைப்பேறு', 'இரட்டைப்பேறு' என்று பிரிக்கலாமா?

---

ஐயா, 'காவி'யைக் கைவிட வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. 'இரட்டைப்பேறு' மட்டும் வேண்டாம். இச்சொல் அதிகம் புழங்கப்போவது கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் இடத்தில். அங்கே அது இரட்டைக் குழந்தை என்றே காதில் விழும்.

தாய்வழி, தந்தைவழி என்று எல்லோரும் சொல்கிறோமே, அதிலிருந்தே எடுப்போம்: 'ஒருவழி மரபு', 'இருவழி மரபு'. ஒருபக்கம் அரிவாளணு, மறுபக்கம் பீட்டா தலசீமியா (பீட்டா குளோபின் போதிய அளவு உருவாகாத மரபுக் குறை) என்று வருகிறவரையும் 'ஒருவழி அரிவாளணு, மறுவழி தலசீமியா' என்று குழப்பமில்லாமல் எழுதலாம். அவருக்கும் சிகிச்சை தேவைப்படும்.

ஆய்வக அறிக்கையில் இந்தப் பிரிவு மிக முக்கியம். ரத்தத்தைக் கரைசலில் கலந்து பார்க்கும் கரைதிறன் சோதனையில் குழாய்க்குப் பின்னால் கோடு போட்ட அட்டையைப் பிடிக்கிறோம். கலங்கலில் கோடு மறைந்தால் அரிவாளணுவுக்குரிய ஹீமோகுளோபின் எஸ் உண்டு. ஒருவழியா இருவழியா என்பது அதில் தெரியாது. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோபோரசிஸ் அல்லது ஹெச்பிஎல்சி பார்த்தே சொல்ல முடியும். ஒருவழியில் இயல்பான ஹீமோகுளோபின் 'ஏ' மிகுந்து, 'எஸ்' பெரும்பாலும் 35–40% இருக்கும். இருவழி அரிவாளணுவில் 'ஏ' இராது. அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் மட்டும் தென்படும், அப்போது ஏமாந்துவிடக் கூடாது.

ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி) குறைபாட்டுக்கு இச்சொல்லை நீட்ட வேண்டாம். அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆணுக்குத் தாய்வழி மட்டுமே வரும், அந்த ஒன்றே முழுக் குறைபாடு. 'ஒருவழிதானே' என்று வழக்கமான அளவில் மலேரியா மருந்தான பிரைமாகுயின் கொடுத்தால் சிவப்பணுக்கள் சிதைந்து சிறுநீர் கருக்கும். அங்கே 'குறைபாடு' என்றே எழுதுவோம்.