ஆர்பிட்ரேஷன் ஷரத்தில் கையெழுத்துப் போட்டால் கன்ஸ்யூமர் கோர்ட் போக முடியாதா? தப்பான தகவலைப் பரப்பாதீர்கள்

பெரும்பாக்கம்_செல்வி
சாவி தராமல் இழுத்தடிக்கும் பில்டர் மேல் எல்லாரும் சேர்ந்து வழக்குப் போடலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம். நடுவில் தாம்பரம்_சரவணன் வந்து எழுதியது இது: "ஒப்பந்தத்தில், தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் பதில் நடுவரிடம் போக வேண்டும் என்ற ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருக்கிறது, கன்ஸ்யூமர் கோர்ட் வாசலைக்கூட மிதிக்க முடியாது. கூட்டு வழக்கையும் 2021இல் பிரிகேட் என்ற பில்டர் மேல் போட்ட கேஸில் சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி செய்துவிட்டது." இதைப் படித்துவிட்டு வக்கீல் ஃபீஸுக்குப் பணம் தருவதாகச் சொன்ன இரண்டு பேர் பின்வாங்கிவிட்டார்கள்.

இரண்டுமே தப்பு. சுப்ரீம் கோர்ட்டில் எமார் எம்ஜிஎஃப் – அஃப்தாப் சிங் வழக்கு, 2018 டிசம்பர் 10. ஷரத்து இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்கு, அதாவது கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று தீர்ப்பு வந்தாயிற்று. 2023இல் ஹேமலதா தேவி வழக்கிலும் அதையேதான் சொன்னார்கள். நடுவரிடம் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வது வீடு வாங்கியவர், பில்டர் இல்லை. பிரிகேட் கேஸும் தள்ளுபடி ஆகவில்லை.

தாம்பரம்_சரவணன்
மேடம், பிரிகேட் தீர்ப்பை முழுசாகப் படித்தீர்களா? பிரிகேட் வளாகத்தில் மொத்தம் 1134 வீடு. வழக்குப் போட்டவர்கள் வாங்கியது 51 வீடு. 1134 வீட்டுக்கும் சேர்த்துப் பேசுகிறோம் என்றார்கள். அதற்குத் தேசிய நுகர்வோர் ஆணையம் கொடுத்த அனுமதியை சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. அதற்குப் பெயர் தள்ளுபடிதான்.

பெரும்பாக்கம்_செல்வி
தள்ளுபடி என்றால் வழக்குக் கட்டை மூடி வீட்டுக்கு அனுப்புவது. இங்கே அப்படியா நடந்தது? 51 வீட்டை வாங்கிய 91 பேரின் புகாரை அவர்கள் அளவில் கூட்டுப் புகாராக எடுத்து நடத்தச் சொன்னார்கள். கன்ஸ்யூமர் சட்டத்தில் எல்லாருக்காகவும் புகார் கொடுக்கும் பிரிவு 35(1)(சி)யில் நிற்காதது, தங்களுக்காக மட்டும் கொடுக்கும் 35(1)(ஏ)வில் நின்றது. வழக்கு உயிரோடு ஆணையத்துக்குத் திரும்பிப் போனது. தீர்ப்பை எழுதியவர் நம்ம சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்த நீதிபதி ராமசுப்பிரமணியன். தேடிப் பாருங்கள், கிடைக்கும்.

தாம்பரம்_சரவணன்
1134இல் 51. மீதி 1083 வீட்டுக்கு என்ன கிடைத்தது? ஒன்றும் இல்லை. அவர்களைப் பொறுத்தவரை தள்ளுபடி.

பெரும்பாக்கம்_செல்வி
மீதிப் பேர் வழக்கே போடவில்லையே! போடாத வழக்கை எப்படித் தள்ளுபடி செய்வது? எல்லாருடைய குறையும் ஒரே குறை என்று மனுவில் சரியாக எழுதிக் காட்டவில்லை, அதுதான் அங்கே சறுக்கல். நாம் ஒழுங்காக எழுதினால் போகிறது.

டல்லாஸ்_மணி
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். உங்களுக்காவது கன்ஸ்யூமர் கோர்ட் இருக்கிறது. இங்கே அமெரிக்காவில் 2011இல் ஏடி அண்ட் டி – கன்செப்ஷன் வழக்கோடு கதை முடிந்தது. இலவச ஃபோன் என்று விளம்பரம் செய்துவிட்டு 30.22 டாலர் வரி வாங்கினார்கள். அதற்காகக் கூட்டமாகச் சேர்ந்து வழக்குப் போட முடியாது, தனித்தனியாக நடுவரிடம் போ என்றது கோர்ட். முப்பது டாலருக்கு யார் தனியாகப் போவார்கள்?

அப்புறம் நீங்கள் போடும் இதே சண்டை 2024 மே மாதம் இங்கே சுப்ரீம் கோர்ட் வரை போனது. ஸ்மித் – ஸ்பிஸிரி வழக்கு. ஆர்பிட்ரேஷனுக்கு அனுப்பும்போது வழக்கைத் தள்ளுபடி செய்யலாமா, நிறுத்தி வைக்க வேண்டுமா? ஒரு தரப்பு கேட்டால் நிறுத்தித்தான் வைக்க வேண்டும், தள்ளுபடி கூடாது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள்.

பெரும்பாக்கம்_செல்வி
பார்த்தீர்களா சரவணன் சார்? அமெரிக்காவில்கூட தள்ளுபடி வேறு, நிறுத்தி வைப்பது வேறு.

தாம்பரம்_சரவணன்
அமெரிக்கத் தீர்ப்பு இங்கே செல்லாது. மணி சார் ஊரை விட்டுப் போய் இருபது வருஷம் ஆகிறது, சோழிங்கநல்லூர் சிக்னல் எந்தப் பக்கம் என்று தெரியுமா அவருக்கு?

டல்லாஸ்_மணி
என் அம்மா மேடவாக்கத்தில்தான் இருக்கிறார். ஊரை விட்டவன் பேசக்கூடாது என்று விதி இருக்கிறதா? அமேசான் மேல் 75,000 பேர் தனித்தனியாக ஆர்பிட்ரேஷன் கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஃபீஸ் கட்டி மாளாமல் 2021இல் கம்பெனியே அந்த ஷரத்தை எடுத்துவிட்டது. ஜனங்கள் சேர்ந்தால் நடக்கும் என்று சொல்ல வந்தேன்.

மயிலாப்பூர்_ஓய்வு
நாற்பது வருஷம் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவன் சொல்கிறேன். நடுவரைப் பில்டரே வைப்பார் என்று ஷரத்தில் இருக்கிறதா, அதை முதலில் பாருங்கள். 2024 நவம்பர் 8 அன்று நம்ம சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதி அமர்வு, ஒரு தரப்பு மட்டும் நடுவரை வைப்பது கூடாது என்றது.

தாம்பரம்_சரவணன்
அது ரயில்வே கேஸ் ஐயா. பில்டருக்குப் பொருந்தாது.

மயிலாப்பூர்_ஓய்வு
2019 பெர்க்கின்ஸ் வழக்கு என்ன ஆயிற்று? முடிவில் லாப நஷ்டம் உள்ளவன் ஒற்றை நடுவரை வைக்கக்கூடாது என்று அப்போதே சொல்லியாயிற்று. நான் பேப்பர் சுமந்த காலத்தில் நீ பிறந்திருக்க மாட்டாய் தம்பி.

பெரும்பாக்கம்_செல்வி
எங்கள் ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது ஐயா. 56 பக்கம். கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தார்கள். 41ஆம் பக்கத்தில் எறும்பு மாதிரி எழுத்தில், "நிறுவனம் நியமிக்கும் ஒரே நடுவர்". என் கணவர் படிக்க ஆரம்பித்ததும், "சார், பேங்க் மூடிடும், சீக்கிரம்" என்று அவசரப்படுத்தினான் அந்தப் பையன். மூன்றரை வருஷமாக வாடகையும் ஈஎம்ஐயும் சேர்த்துக் கட்டுகிறோம். அந்த வயிற்றெரிச்சலில்தான் கேட்கிறேன், தள்ளுபடி தள்ளுபடி என்று சொல்லி ஜனங்களை ஏன் பயமுறுத்துகிறீர்கள்? உங்களுக்கு இதில் என்ன ஆதாயம்?

தாம்பரம்_சரவணன்
ஆதாயமா? வார்த்தையை அளந்து பேசுங்கள் மேடம். நானும் நம்ம வளாகத்தில் பணம் போட்டவன்தான். வக்கீலுக்கு என்று வீட்டுக்கு ஐயாயிரம் வசூல் செய்தீர்களே, கணக்கு எங்கே?

பெரும்பாக்கம்_செல்வி
கணக்கு மார்ச் மாதமே குழுவில் போட்டாயிற்று, ரசீதோடு. அந்த ஐயாயிரத்தை நீங்கள் மட்டும்தான் இன்னும் தரவில்லை.

கேளம்பாக்கம்_ராஜி
செல்விக்கா, ரசீது எனக்கும் தெரியவில்லை. மறுபடி போடுங்களேன்.

பெரும்பாக்கம்_செல்வி
இதோ போடுகிறேன் ராஜி. சரவணன் சார், பேச்சை மாற்றாதீர்கள். அந்த 51 வீட்டு வழக்கு தள்ளுபடி ஆனதா இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

தாம்பரம்_சரவணன்
1134இல் 51.